காட்டுக்கும் ஒரு வாய் சோறு, ஒரு பொழுது தூக்கம்

இயற்கை வேளாண்மைக்கு மாறலாம் என்று வரும் நண்பர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்னங்க ஊத்தணும்?" என்பதுதான். பஞ்சகவ்யாவா, அமிர்தக்கரைசலா, மீன் அமிலமா, ஏக்கருக்கு எத்தனை லிட்டர், எத்தனை நாளைக்கு ஒரு தடவை? எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் என் அப்பத்தா ஒரு காட்டைப் பார்த்தால் முதலில் கேட்பது வேறு: "இந்தக் காடு கடைசியா எப்பப் படுத்துது கண்ணு?"

எங்கள் காங்கேயம் வட்டாரத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். காடு படுப்பது என்றால் ஒரு போகம் வெள்ளாமை வைக்காமல் ஓய்வு கொடுப்பது. அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. மண் பரிசோதனை அட்டையைப் பார்த்ததும் இல்லை. ஆனால் மனுசர், மாடு, மண் மூன்றுக்கும் பொதுவாக ஒரே கணக்கு வைத்திருந்தார். அடிக்கடி சொல்வார்:

"தூங்காத உடம்புல சோறு ஒட்டாது. சோறு காணாத உடம்புல தூக்கம் ஒட்டாது."

ஓய்வும் ஊட்டமும் சோடி மாடு மாதிரி. ஒன்றை மட்டும் பூட்டினால் ஏர் கோணலாகத்தான் போகும். கரைசல் கரைசலாக ஊற்றியும் காடு தேறவில்லை என்று வருத்தப்படுகிறவர்களும், "சும்மா போட்டு வெச்சேன், களைதான் மண்டிக் கெடக்கு" என்று சலித்துக்கொள்கிறவர்களும் இந்தச் சோடியில் ஒரு மாட்டை அவிழ்த்து விட்டவர்கள். இந்தப் பாடத்தை அப்பத்தா சொன்ன வழியிலேயே, அதற்குள் இருக்கும் காரணத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

முதல் பாடம்: பால் வத்தின ரெண்டு மாசம்

அப்பத்தா இதைச் சொல்லிக் கொடுத்தது கட்டுத்தறியில். சினை மாடு ஏழு மாசம் தாண்டியதும் கறவையை நிறுத்திவிடுவார். இன்னும் ஒரு படி பால் வரும், அதை விற்றால் காசு என்று வீட்டில் யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "வயித்துல ஒண்ணு இழுக்குது, மடியில நீ இழுக்குறே. அது எங்கிருந்து குடுக்கும்?" என்பார்.

இதில் பெரிய கணக்கு இருக்கிறது. மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். கடைசி இரண்டு மாதத்தில்தான் கன்று வேகமாக வளர்கிறது. அதே நாட்களில்தான் மடியின் பழைய சுரப்புத் திசுக்கள் கழிந்து புதியவை உருவாகின்றன. கன்று போடும் முன் சுமார் 60 நாள் கறவையை நிறுத்தச் சொல்லிக் கால்நடை மருத்துவர்களும் சொல்வது இதனால்தான். அந்த ஓய்வு கிடைக்காத மாடு அடுத்த ஈத்தில் பால் குறைவாகவே கொடுக்கும். சீம்பாலும் சரியாக இருக்காது.

பலரும் தவறவிடும் இடம் அடுத்தது. பால் கொடுக்காத மாட்டுக்குத் தீனியைக் குறைப்பதுதான் ஊர் வழக்கம். அப்பத்தா நேர்மாறாகச் செய்வார். வத்தின மாட்டுக்குத்தான் பருத்திக்கொட்டையும் தவிடும் கூடுதலாகப் போகும். "இப்பத்தான் அதுக்கு வேலை அதிகம்" என்பார். வெளியில் தெரியாத வேலை நடக்கும் காலத்தைத்தான் நாம் ஓய்வு என்கிறோம். அந்த வேலைக்கும் சோறு வேண்டும். காட்டைப் பார்க்கும்போதும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

தரிசு வேறு, ஓய்வு வேறு

வெள்ளாமை வைக்காமல் விட்ட நிலமெல்லாம் ஓய்வில் இருக்கிற நிலம் அல்ல. கவனிக்காமல் விட்ட தரிசில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் ஏறும். மூடாக்கு இல்லாத வெற்று மண்ணை வெயில் சுடும், காற்று அரிக்கும், ஒரு கன மழை வந்தால் மேல்மண் வண்டலாக ஓடைக்குப் போய்விடும். அது பட்டினி போட்டுப் படுக்க வைத்த உடம்பு. எழுந்திருக்கும்போது இன்னும் மெலிந்துதான் இருக்கும்.

வெப்பமான நம் மண்ணில் உழவு ஒவ்வொன்றும் மக்கைச் செலவழிக்கிறது. உழுதவுடன் காற்று உள்ளே போகிறது, நுண்ணுயிர்கள் மக்கைத் தின்று சத்தை விடுவிக்கின்றன, பயிர் எடுத்துக்கொள்கிறது. அது நல்லதுதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுத்துக்கொண்டு தட்டையும் சக்கையும் வெளியே ஏற்றிக்கொண்டே இருந்தால் இருப்பு கரையும். வேரோடு கூட்டு வைத்து மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவரும் பூஞ்சை இழைகளும் ஒவ்வொரு உழவிலும் அறுபடுகின்றன. மறுபடி பின்னிக்கொள்ள அவற்றுக்கு உயிருள்ள வேரும், கலைக்கப்படாத நாட்களும் வேண்டும்.

கோடை உழவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புழுதியைக் காய விடுவதற்கென்றே வள்ளுவர் உழவு அதிகாரத்தில் ஒரு குறள் வைத்திருக்கிறார். கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவை வாயிலும் போகும், முதல் மழை உள்ளே இறங்கும் என்பது நமக்குத் தெரியும். இன்னொன்றும் நடக்கிறது. நன்றாகக் காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரே வேகத்தில் எழுந்து வேலை செய்கின்றன, தழைச்சத்து கொஞ்சம் சேர்ந்தாற்போல் விடுபடுகிறது. புழுதி காய்ந்த காட்டில் பயிர் கறுகறுவென்று வருவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்தச் சத்து எங்கிருந்து வந்தது? முன்பே மண்ணில் சேர்த்துவைத்த மக்கிலிருந்துதான். வருசா வருசம் காயப் போட்டுவிட்டுத் தீனி போடாவிட்டால், உண்டியலை உடைத்துச் செலவழிப்பது போலத்தான்.

கொறங்காடு காட்டும் வழி

காங்கேயம், தாராபுரம் பக்கம் வந்தவர்கள் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கொறங்காடு. வருடத்துக்கு 700 மில்லி மீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் செம்மண் பூமியில், எங்கள் முன்னோர் காங்கேயம் மாட்டுக்காக உருவாக்கிய ஏற்பாடு. தரையில் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே தானாக முளைத்த பயறு வகைச் செடிகள், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை. கோடையில் புல் காயும்போது வெள்வேலங்காய் உதிரும். மாட்டுக்கு அது தீனி. மாடு அங்கேயே போடும் சாணம் காட்டுக்குத் தீனி.

கொறங்காட்டின் உயிர் அதன் படலில் இருக்கிறது. மழை பெய்து புல் துளிர்த்தவுடன் படலைத் திறக்க மாட்டார்கள். ஒரு காட்டை மேய்த்தால் இன்னொரு காடு சாத்தியிருக்கும். "பூட்டை விட்டு விதை கீழ விழட்டும் சாமி, அப்புறம் ஓட்டு" என்பார் அப்பத்தா. கடித்த புல் மறுபடி துளிர்ப்பது வேரில் சேர்த்துவைத்த சத்தைக் கொண்டுதான். புது இலை விரிந்து அந்தச் சத்தைத் திருப்பிக் கட்டுவதற்குள் மறுபடி கடித்தால் வேர் சுருங்கும். மூன்று நான்கு தடவை அப்படி நடந்தால் புல் செத்து, முள்ளும் கள்ளும் மிஞ்சும். சில வருடங்களுக்கு ஒரு முறை கொறங்காட்டை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு, மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவதும் வழக்கம். இறுகிய மண் இளகும், புல் புதிதாகக் கட்டும்.

ஆழ்துளைக் கிணறு வந்த காலத்தில் எங்கள் இரண்டு ஏக்கர் கொறங்காட்டையும் உழுது தண்ணீர் பாய்ச்சிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. சும்மா கிடக்கிற பூமி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்பத்தா மட்டும், "அது சும்மா கெடக்கல, மாட்டுக்குச் சோறு ஆக்கிட்டுக் கெடக்கு" என்று ஒரே வார்த்தையில் மறித்துவிட்டார்.

அந்த வார்த்தையின் விலை 2016-ல் தெரிந்தது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. கிணறு அடி தட்டியது. பாய்ச்சல் காட்டில் பச்சை இல்லை. தீனி இல்லாமல் சனம் மாட்டைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டது. எங்கள் வீட்டு இரண்டு மாடும் தப்பின. போரில் இருந்த பழைய சோளத்தட்டும், கொறங்காட்டில் நின்ற காய்ந்த கொழுக்கட்டைப்புல்லும், வெள்வேலங்காயும்தான் காப்பாற்றின. மாடு தப்பியதால்தான் அடுத்த மழைக்குச் சாணமும் கோமியமும் இருந்தது. இயற்கை விவசாயம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதற்கே அந்த இரண்டு ஏக்கர்தான் ஆதாரம்.

படுத்திருக்கும் காட்டுக்கு என்ன தீனி?

கொறங்காடு இல்லாதவர்கள் வெள்ளாமைக் காட்டிலேயே இதைச் செய்யலாம். மூன்று வகைத் தீனி உண்டு.

ஒன்று, பசுந்தாள் உரம். செம்மண், மணல் சார்ந்த காட்டுக்குச் சணப்பு ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ. களர் கொஞ்சம் இருக்கிற நிலத்துக்கும் வயலுக்கும் தக்கைப்பூண்டு 20 கிலோ. மழை குறைந்த மானாவாரிக்குக் கொளிஞ்சி 6 முதல் 8 கிலோ. கொளிஞ்சி மெதுவாக வளரும், ஆனால் வறட்சி தாங்கும், ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, ஒரு முறை விதை விழுந்தால் அடுத்தடுத்த வருடங்களில் தானே முளைக்கும். அதன் விதைத்தோல் கெட்டி. சுடுநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

மடக்கி உழும் நேரம்தான் முக்கியம். சணப்பும் தக்கைப்பூண்டும் 40 முதல் 45 நாளில், பூ எடுக்கும் தருணத்தில் மடங்க வேண்டும். விட்டால் தண்டு நாராகிவிடும். நாரான தண்டில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், அடுத்த பயிர் கொஞ்ச நாள் மஞ்சளாக நிற்கும். "வாடாத கீரையத்தான் கடைய முடியும், முத்துன தண்டை யாரு திங்கிறது?" என்பது அப்பத்தா கணக்கு. மடக்கி உழுத பிறகு மானாவாரியில் இரண்டு மூன்று வாரம் ஈரத்தோடு விட்டு, அப்புறம் விதைக்கணும்.

மழை குறைந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பசுந்தாள் பயிரும் தண்ணீர் குடிக்கும். அதனால் சித்திரை, வைகாசி மழைக்கோ ஆடி மழைக்கோ விதைத்து, ஐப்பசி பெருமழைக்கு முன்பே மடக்கிவிடணும். அப்போதுதான் பெருமழை முழுதும் மண்ணுக்குள் இறங்கும்.

இரண்டு, பல தானிய விதைப்பு. மிகவும் களைத்துப்போன காட்டுக்கு இது நல்லது. சோளம், கம்பு, தினை, சாமை என்று தானியம் நான்கு. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு என்று பயறு நான்கு. எள், நிலக்கடலை, ஆமணக்கு, சூரியகாந்தி என்று எண்ணெய் வித்து நான்கு. கொத்துமல்லி, கடுகு, வெந்தயம், சோம்பு என்று வாசனைப் பயிர் நான்கு. சணப்பு, தக்கைப்பூண்டு, கொளிஞ்சி, நரிப்பயறு என்று தழை நான்கு. எல்லாம் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ. கிடைப்பதைப் போடுங்கள், ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு ஆழத்துக்குப் போகும், ஒவ்வொன்றும் வேறு வேறு நுண்ணுயிருக்குச் சோறு போடும். 45 முதல் 60 நாளில் மடக்கி உழுதுவிடலாம்.

மூன்று, ஆட்டுப்பட்டி. கிடை என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும். "ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறுவருசம்" என்ற பழமொழி நமக்குத் தெரிந்ததுதான். புழுக்கையைவிடச் சீக்கிரம் வேலை செய்வது மூத்திரம். அதில் இருக்கும் தழைச்சத்து வெயிலில் ஆவியாகிவிடும். பட்டியை நகர்த்திய அன்றைக்கோ மறுநாளோ மேலாக ஒரு உழவு போட்டு மண்ணால் மூடிவிடணும். நாலு நாள் விட்டால் பட்டிக்குக் கொடுத்த காசில் பாதி காற்றோடு போகும்.

எருவுக்கும் விதைக்கும் பொறுமை

ஓய்வு வேண்டியது மண்ணுக்கு மட்டும் இல்லை. பச்சைச் சாணத்தை அப்படியே காட்டில் கொட்டினால் சூடு கிளம்பும், களை விதை முளைக்கும், வேர்ப்புழு பெருகும். குப்பைக்குழி நிழலில் இருக்கணும், ஈரம் காயக்கூடாது, ஒரு முறையாவது புரட்டிப் போடணும். ஆறு மாதம் படுத்த எருவை அப்பத்தா கையில் அள்ளிப் பிடித்துப் பார்ப்பார். உருண்டை பிடிக்கணும், விரலால் தொட்டால் உதிரணும், சாண நாத்தம் போய் முதல் மழை மண்வாசம் வரணும். "நாத்தம் போகலைன்னா அதுக்கு இன்னும் தூக்கம் பத்தல" என்பார்.

விதையும் அப்படித்தான். நெல்லில் பல ரகங்களுக்கு அறுவடைக்குப் பின் சில வாரம் விதை உறக்கம் உண்டு. கொடி ரக நிலக்கடலைக்கும் உண்டு. கொத்து ரகக் கடலைக்குப் பெரும்பாலும் இல்லை, அதனால்தான் பறிக்கத் தாமதமானால் மழைக்குக் காட்டிலேயே முளைத்துவிடுகிறது. உறக்கம் தெளியாத விதையை அவசரத்துக்கு விதைத்துவிட்டு "முளைப்பே இல்லை" என்று விதை கொடுத்தவரைத் திட்டக் கூடாது. விதைக்கும் முன் நூறு விதையை ஈரச்சாக்கில் சுற்றிவைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

ஒரு போகம் விட்டா சோத்துக்கு என்ன?

நியாயமான கேள்வி இது. காடு படுத்தாலும் கடன் தவணை படுக்காது. அதனால் முழுக் காட்டையும் ஒரே வருடத்தில் படுக்கவைக்க வேண்டாம். அப்பத்தா வீட்டில் எல்லோரையும் ஒரே நேரத்தில் தூங்கவிட மாட்டார். ஒருத்தர் மாற்றி ஒருத்தர். அதே முறையில், நான்கு ஏக்கர் மானாவாரி இருப்பவருக்கு ஒரு சுற்று சொல்கிறேன்.

காட்டை நான்கு பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கில் நிலக்கடலை, ஊடே துவரை. இரண்டாம் பங்கில் கம்பு அல்லது சோளம், ஊடே தட்டைப்பயறு. மூன்றாம் பங்கில் எள்ளோ கொள்ளோ, மழைக்குத் தக்கபடி. நான்காம் பங்கு படுக்கட்டும். அதில் பசுந்தாளோ பல தானியமோ போட்டு மடக்கி, வசதி இருந்தால் மாசி, பங்குனியில் பட்டி போடுங்கள். அடுத்த வருடம் ஓய்வு வேறொரு பங்குக்கு நகரும், பயிர்களும் பங்கு மாறும். ஓய்வு எடுத்து எழுந்த பங்கில் அதிகம் தின்கிற சோளமோ கம்போ வரட்டும். நான்கு வருடத்தில் காடு முழுதும் ஒரு முறை படுத்து எழுந்திருக்கும். எந்த வருடமும் முக்கால் காடு வெள்ளாமையில் இருக்கும்.

படுத்திருக்கும் பங்கு வெறுங்கையோடு இருக்காது. முதல் மழைக்குப் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாம் தானாக வரும். வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு மாதக் கீரைச் செலவு மிச்சம். களை எடுக்கும் கூலி இல்லை. ஓரத்தில் விட்ட கொளிஞ்சியிலும் சணப்பிலும் அடுத்த வருட விதை எடுத்துக்கொள்ளலாம்.

குத்தகைக் காட்டில் பயிர் செய்கிறவர்களுக்கு இது கடினம், ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பேச்சில் ஒரு வருடக் குத்தகை என்றால் யார் அடுத்தவர் மண்ணைத் தேற்றுவார்? காட்டுக்காரரிடம் மூன்று வருடத்துக்காவது எழுதி வாங்கப் பாருங்கள். மண் தேறினால் லாபம் அவருக்கும்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கடைசி மழை ஈரத்தில் கொள்ளு விதைத்து, காயை எடுத்துக்கொண்டு, வேரையும் உதிர்ந்த இலையையும் காட்டுக்கே விடுங்கள். அரைத் தூக்கமாவது கிடைக்கும்.

தேறியதா என்று பார்க்க மூன்று வழி. ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். கட்டியாக விழுகிறதா, பொலபொலவென்று உதிர்கிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பாவை மண்ணில் கொஞ்சம் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, உள்ளே போக எவ்வளவு நேரம் என்று ஓய்வுக்கு முன்னும் பின்னும் குறித்துவையுங்கள். மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு என்று அர்த்தம். அது மெதுவாகத்தான் ஏறும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், மாசா மாசம் பார்த்து மனசு உடைய வேண்டாம்.

வீட்டுக்குள் யார் படுத்தார்கள்?

அப்பத்தாவின் பாடங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இது. இயற்கை வேளாண்மையில் வேலை கூடுகிறது. சாணம் அள்ளுவது, கோமியம் பிடிப்பது, காலையும் மாலையும் கரைசலைக் கலக்குவது, கையால் களை எடுப்பது, மூடாக்கு பரப்புவது. இந்த வேலையில் பெரும்பங்கு யார் தலையில் விழுகிறது என்று நம் வீடுகளில் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? பயிற்சி வகுப்புக்கு வருவது ஆண், கரைசல் கலக்குவது பெண் என்பதுதான் பல வீட்டு நிலவரம்.

என் தம்பி பிறந்த சமயம் கடலைக்காய் பறிப்பு. ஆள் கிடைக்கவில்லை. இருபது நாள் ஆனதே, உட்கார்ந்தபடி காயாவது ஆயலாமே என்று என் அம்மாவைக் கேட்டார்கள். அப்பத்தா வாசலில் நின்று சொன்னாராம்: "காய் மண்ணுக்குள்ள ரெண்டு நாள் கூடக் கெடந்தா ஒரு மூட்டை போகும். இவ எந்திரிச்சா இவளே போயிருவா." நாற்பது நாள் முடியும்வரை அம்மாவைக் காட்டுப் பக்கம் விடவில்லை. பூண்டும் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் போட்ட பிரசவ மருந்து, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழிச் சாறு என்று தானே ஆக்கிப் போட்டார். காயில் கொஞ்சம் முளைத்துத்தான் போனது. அம்மா அதை இன்றைக்கும் சொல்வார், நஷ்டமாக அல்ல.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். உணவு விளைவிக்கிற வீடுகளும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கின்றன. எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது, உச்சி வெயிலிலும் ஓயாதது, உடம்பு சரியில்லை என்று வாய் திறக்காதது எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

அப்பத்தா வீட்டில் சில சட்டங்கள் இருந்தன. விடியலில் காட்டுக்குப் போனால் உச்சிக்கு முன் திரும்பணும், வெயில் தாழ்ந்தபின்தான் மறுபடி மண்வெட்டி. அமாவாசைக்கு ஏர் கட்டக் கூடாது, மாட்டுக்கும் ஆளுக்கும் அன்றைக்கு ஓய்வு. காட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கம்மஞ்சோறும் மோரும் முதலில் போகும். இதிலும் கணக்கு உண்டு. நூறு கிராம் கம்பில் சுமார் 6 மில்லி கிராம் இரும்புச்சத்து. தீட்டிய அரிசியில் 1 மில்லி கிராம்கூட இல்லை. ராத்திரி முழுக்கப் புளிக்க விட்ட கம்மங்கூழில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறையும், அதனால் சத்து உடம்பில் சேர்வது எளிது. சோற்றுக்கும் ஒரு ராத்திரி ஓய்வு வேண்டியிருக்கிறது பாருங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்த இரும்பு சேராமல் போகும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும். களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் கம்பை மட்டும் நம்பி இருக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் கவனிக்கணும்.

காட்டுக்குக் கொடுக்கிற ஊட்டத்தை வீட்டில் ஒருத்தர் தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது. அப்படி எடுத்தால் அதை இயற்கை வேளாண்மை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தச் சித்திரைக்கு

ஒரு நோட்டில் நான்கு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பங்கு கடைசியாக எப்போது படுத்தது? படுத்தபோது அதற்கு என்ன தீனி போட்டோம்? கட்டுத்தறியில் எந்த மாட்டுக்குக் கறவை நிறுத்தும் நேரம்? வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார், யார் கடைசியாகப் படுக்கிறார்? நாலாவது கேள்விக்குப் பதிலை நீங்களே எழுதாமல், வீட்டில் இருக்கும் பெண்களிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகு முதல் மழைக்கு எந்தப் பங்கில் சணப்பு விதைக்கலாம் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். விதை இப்போதே தேடிவையுங்கள், மழை வந்தபின் கிடைக்காது.